மகனுக்கு ‘ஆதன்’ என்று பெயர் வைக்குமுன்: பொருளையும் மூலத்தையும் தேடிப் பார்க்கும் முறை

பழைய தமிழ்ப் பெயர் ஒன்றைப் பிள்ளைக்கு வைக்க நினைப்பவர்கள் எடுத்தவுடன் கேட்பது ‘இதற்கு என்ன அர்த்தம்?’ என்றுதான். இனியன், கதிரவன் போன்ற பெயர்களுக்கு அது சரியான கேள்வி. ஆதன் போன்ற பெயருக்கு அதிலிருந்து தொடங்கினால் வழி தவறிவிடும். முதலில் தேட வேண்டியது, இந்தப் பெயரோடு வாழ்ந்தவர்கள் யார், எந்த ஊரில், எந்தக் காலத்தில் என்பதை. அது கையில் வந்தபிறகு அகராதியைத் திறந்தால், அங்கே கிடைக்கும் நாலு பொருளில் எதை நம்புவது, எதை ஒதுக்குவது என்று தெரியும்.

ஆதன் இன்று அரிதாகக் காதில் விழும் ஆண்பெயர். ஆனால் ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்னால் தெருவுக்குத் தெரு இருந்த பெயர். அதனால் தேடிப் பழக இதைவிட நல்ல பெயர் இல்லை. கல்லில் இருக்கிறது, பானை ஓட்டில் இருக்கிறது, சங்கப் பாட்டில் இருக்கிறது, இலக்கண நூற்பாவில் இருக்கிறது. இங்கே சொல்லும் முறை எழினி, அழிசி, நன்னன், குவிரன் என்று எந்தப் பழம்பெயருக்கும் பொருந்தும்.

கையில் வைத்துக்கொள்ள வேண்டியவை

சங்க இலக்கியத்தின் தேடக்கூடிய மின்பதிப்பு ஒன்று வேண்டும். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் நூலகமும் மதுரைத் திட்டத்தின் பதிப்புகளும் போதும். இரண்டையும் பாருங்கள், ஒன்றில் சந்தி பிரித்திருப்பார்கள், இன்னொன்றில் பிரிக்காமல் விட்டிருப்பார்கள். அந்த வேறுபாடு தேடலில் பெரிதாகக் கைகொடுக்கும். அடுத்து சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி; அதை இணையத்திலேயே பார்க்கலாம். தொல்காப்பியம் எழுத்ததிகாரம் உரையோடு ஒன்று. தமிழின் மிகப் பழைய எழுத்து வடிவமான தமிழ்ப் பிராமியில் உள்ள கல்வெட்டு வாசகங்களின் தொகுப்பு ஒன்று. உ.வே.சாமிநாதையர் பதிப்பித்த ஐங்குறுநூறு, புறநானூறு, பதிற்றுப்பத்து கிடைத்தால் பின்பக்கத்திலிருந்து தொடங்குங்கள். அவர் சேர்த்த அகராதியில் ஆட்பெயர், ஊர்ப்பெயர் எல்லாம் அகரவரிசையில் இருக்கும். கணினித் தேடல் நழுவவிடும் இடங்களை அந்தப் பட்டியல் பிடித்துக் கொடுக்கும்.

ஒரு தாளில் நாலு பத்தி போட்டுக்கொள்ளுங்கள்: சான்று எங்கே இருக்கிறது, எந்த வடிவத்தில், யாரைக் குறிக்கிறது, எந்தக் காலம். நிதானமாகச் செய்தால் ஒரு பெயருக்கு நாலைந்து மணி நேரம் போதும்.

தேடுபெட்டியில் என்ன தட்டுவது

பெரும்பாலானவர்கள் தோற்பது இங்கேதான். ‘ஆதன்’ என்று தட்டினால் ஐங்குறுநூற்றில் பத்துப் பாட்டும் வேறு சில இடங்களும் வரும். ‘அவ்வளவுதானா’ என்று மூடிவிடுவார்கள். சேர மன்னர்கள் அத்தனை பேரும் அந்தத் தேடலில் விடுபட்டுப் போவார்கள்.

காரணம் எளிது. பெயர் தனியாக நின்றால்தான் ‘ஆ’ என்ற உயிரெழுத்து முழு வடிவில் வரும். முன்னால் ஒரு மெய் வந்து சேர்ந்தால் அது கால் குறியாகிவிடும். சேரல் என்பதும் ஆதன் என்பதும் சேர்ந்தால் சேரலாதன். அந்தச் சொல்லில் ‘ஆ’ என்ற எழுத்தே கிடையாது. கணினிக்கு அது வேறு சொல். வாழி என்பதோடு சேரும்போது நடுவில் யகரம் வந்து வாழியாதன் ஆகிறது. கண்ணன் முன்னால் வந்தால் கண்ணனாதன். ஆகவே ஒவ்வொரு புணர்ச்சி வடிவத்தையும் தனித்தனியாகத் தட்ட வேண்டும்: யாதன், லாதன், னாதன், வாதன். கடைசி ‘ன்’ வேறு எழுத்தாக மாறும் இடங்களுக்காக ‘ஆதனை’, ‘ஆதனொடு’, ‘ஆதற்கு’ என்றும், ஆதனுங்கன் போன்ற கூட்டுப்பெயருக்காக ‘ஆதனு’ என்றும் தேடுங்கள். ‘ஆந்தை’ என்றும் ஒருமுறை தேட வேண்டும். ஏன் என்பது பின்னால் வருகிறது.

தவறான விளைச்சலும் நிறைய வரும். கடைசிப் புள்ளி இல்லாமல் ‘லாதன’ என்று தேடினால் இல்லாதன, செல்லாதன போன்ற எதிர்மறைச் சொற்கள் வரிசைகட்டும். ‘யாதன’ என்றால் ‘யாதனின் யாதனின் நீங்கியான்’ என்ற 341ஆம் குறள் முன்னால் வந்து நிற்கும்; அது ‘எதிலிருந்து’ என்ற பொருள், ஆட்பெயர் இல்லை. ‘ஆதற்கு’ என்பதில் பாதிக்கு மேல் ‘ஆகுவதற்கு’ என்ற பொருளில்தான் இருக்கும். பிற்கால நூல்களில் தேடினால் நாதன் என்று முடியும் பெயர்கள் வெள்ளமாய் வரும். நாதன் வடசொல், ‘தலைவன்’ என்று பொருள். ஆதனோடு அதற்குத் தொடர்பு கிடையாது. ஒவ்வொரு வரியையும் உரையோடு படித்து, அங்கே ஓர் ஆளைச் சுட்டுகிறதா என்று பார்த்தபிறகே தாளில் ஏற்றுங்கள்.

கல்லும் பானை ஓடும்

சான்றுகளில் முதலிடம் இவற்றுக்கு. ஏடு பெயர்த்து எழுதியவர் கை வைக்காத, அந்தக் காலத்து எழுத்தே நேராக நம் முன் நிற்கிறது.

கரூர் மாவட்டம் புகளூருக்கு அருகே ஆறுநாட்டான் மலைக் குகைத்தளத்தில் உள்ள தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு, யாற்றூரைச் சேர்ந்த செங்காயபன் என்ற சமணத் துறவிக்கு உறையுள் வெட்டிக் கொடுத்த செய்தியைச் சொல்கிறது. கொடுத்தவர் குடும்பம் மூன்று தலைமுறையாக வரிசைப்படுத்தப்பட்டிருக்கிறது: ‘கோ ஆதன் செல்லிரும்பொறை மகன் பெருங்கடுங்கோன் மகன் இளங்கடுங்கோ இளங்கோ ஆக அறுத்த கல்’. பேரன் இளவரசுப் பட்டம் ஏற்றபோது வெட்டிய கல்லில் பாட்டன் பெயராக ஆதன் வருகிறது. சேர மன்னர்களை ஆளுக்குப் பத்துப் பாட்டாகப் பாடும் பதிற்றுப்பத்தின் சேரர் வரிசையோடு இதைப் பல ஆய்வாளர்கள் இணைத்துப் பார்க்கிறார்கள். செல்வக் கடுங்கோ வாழியாதனையே இந்தக் கோ ஆதனாகக் கொள்வோர் உண்டு. அந்த இணைப்பை ஏற்றாலும் ஏற்காவிட்டாலும், அரசன் ஒருவன் இந்தப் பெயரைத் தாங்கியிருந்தான் என்பதற்குக் கல்லே சாட்சி.

அரசனோடு நின்றுவிட்டால் படம் பாதிதான். கீழடியில் கிடைத்த பானை ஓடுகளில் ‘ஆதன்’ என்றும் ‘குவிரன் ஆதன்’ என்றும் கீறியிருக்கிறது. நொய்யல் கரைக் கொடுமணலிலும் ‘கண்ணன் ஆதன்’ கிடைக்கிறான். இவை புழங்கிய பானைகள். மேலே இருப்பவை பெரும்பாலும் உடைமையாளர் பெயர்கள். வைகைக் கரையிலும் நொய்யல் கரையிலும் பானைக்குச் சொந்தக்காரராக இருந்த சாதாரண மனிதர்கள் இதே பெயரோடு இருந்திருக்கிறார்கள். ‘ஆதன் என்றால் சேர மன்னர் பட்டப்பெயர்’ என்று எழுதுபவர்கள் இந்த ஓடுகளைக் கணக்கில் எடுப்பதில்லை. பாண்டிய நாட்டு ஊரில், அரசனோடு சம்பந்தமே இல்லாத ஒருவர் பானையில் பட்டப்பெயர் எப்படி வந்திருக்கும்? இது எல்லாரும் வைத்துக்கொண்ட இயற்பெயர். சேரர் குடியிலும் அதை விரும்பி வைத்தார்கள்.

ஓட்டில் இரண்டு பெயர் சேர்ந்து வந்தால் எதை யார் பெயராகக் கொள்வது? முன்னால் இருப்பது தந்தை பெயர், பின்னால் இருப்பது மகன் பெயர் என்று வாசிப்பதே வழக்கம். குவிரன் ஆதன் என்பவர் குவிரன் மகன் ஆதன். இன்று நாம் கு. ஆதன் என்று தலைப்பெழுத்துப் போடுவதும் அதே வரிசைதான். புறநானூற்றில் வரும் ஆதன் அழிசியை இதே முறையில் படித்தால் மகன் பெயர் அழிசி, தந்தை பெயர் ஆதன்.

எழுத்தையும் ஒரு பார்வை பாருங்கள். தமிழ்ப் பிராமியில் வடமொழி, பிராகிருத ஒலிகளுக்கென்று சில எழுத்துகளைச் சில இடங்களில் கையாண்டிருக்கிறார்கள். மாங்குளம் கல்வெட்டின் ‘தம்மம்’ அப்படி எழுதப்பட்டது. ஆதன் என்ற பெயரோ தமிழ் எழுத்துகளாலேயே, தமிழுக்குரிய னகரத்தோடும் ‘அன்’ என்ற ஆண்பால் ஈற்றோடும் வருகிறது. இதை வைத்து மட்டும் வேரை முடிவு செய்துவிடக் கூடாது. எழுதியவர்கள் அதை வீட்டுப் பெயராகவே நடத்தினார்கள் என்பது வரை தைரியமாகச் சொல்லலாம்.

பாட்டில் வரும் ஆதன்கள்

பதிற்றுப்பத்தில் மூன்று பத்துகள் இந்தப் பெயருடையவர்களுக்கு உரியவை. இரண்டாம் பத்தின் தலைவன் இமயவரம்பன் நெடுஞ்சேரலாதன். பாடியவர் குமட்டூர்க் கண்ணனார். ஆறாம் பத்து ஆடுகோட்பாட்டுச் சேரலாதனுக்கு, காக்கைபாடினியார் நச்செள்ளையார் பாடியது. ஏழாம் பத்தில் கபிலர் பாடும் செல்வக் கடுங்கோ வாழியாதன். புறநானூற்றின் 2ஆம் பாட்டில் முரஞ்சியூர் முடிநாகராயர் வாழ்த்துபவன் உதியஞ்சேரலாதன். 65, 66ஆம் பாட்டுகள் வெண்ணிப் போரில் முதுகில் பட்ட புண்ணுக்கு நாணி வடக்கிருந்த (உண்ணாமல் வடக்கு நோக்கி அமர்ந்து உயிர்விட்ட) பெருஞ்சேரலாதனைப் பற்றியவை.

மன்னர்களை விட்டு விலகித் தேடினால்தான் பெயரின் உண்மையான நிறம் தெரிகிறது. செல்வக் கடுங்கோவைப் பாடிய புலவர்களில் ஒருவர் பெயரே குண்டுகட் பாலியாதனார். பாடியவரும் ஆதன், பாடப்பட்டவரும் ஆதன். புறநானூறு 175இல் கள்ளில் ஆத்திரையனார் தம்மை ஆதரித்த ஆதனுங்கனை ‘எந்தை வாழி ஆதனுங்க, என் நெஞ்சம் திறப்போர் நிற்காண்குவரே’ என்று விளிக்கிறார். நெஞ்சைத் திறந்து பார்ப்பவர் உன்னைத்தான் காண்பார் என்று ஒருவனைச் சொல்ல முடிந்தால் அந்த நட்பு எப்படிப்பட்டதாக இருந்திருக்கும்! பிள்ளையின் பெயர் சூட்டும் அழைப்பிதழில் ஒரு வரி போட வேண்டுமானால் இந்த வரியைத்தான் போடச் சொல்வேன்.

ஐங்குறுநூறு தொடங்குவதே இந்தப் பெயரோடுதான். ஓரம்போகியார் பாடிய மருதத்தின் முதற்பகுதியான வேட்கைப் பத்தில் பத்துப் பாட்டும் ‘வாழி ஆதன் வாழி அவினி’ என்றே ஆரம்பிக்கின்றன. முதற்பாட்டின் அடுத்த அடி ‘நெற்பல பொலிக பொன்பெரிது சிறக்க’. இங்கே ஒரு பொறி இருக்கிறது. படித்தவுடன் ஆதன், அவினி என்று இரண்டு பேராகத் தோன்றும். பழைய உரைகாரர் ஆதன் அவினி என்று ஒரே ஆளாக, சேரர்களில் ஒருவனாகக் கொள்கிறார். உரை பார்க்காமல் தாளில் ஏற்றினால் ஓர் ஆள் இரண்டாகிவிடுவான்.

ஆந்தை என்ற பெயரைக் கண்டால்

இனி, தேடுபெட்டியில் ஆந்தையைத் தட்டச் சொன்ன காரணம். பிசிராந்தையார் என்ற பெயரை எல்லாரும் அறிவோம். கோப்பெருஞ்சோழனின் நண்பர், ‘யாண்டு பலவாக நரையில ஆகுதல்’ என்று தொடங்கும் 191ஆம் புறப்பாட்டைப் பாடியவர். பிசிர் என்பது பாண்டிய நாட்டு ஊர். ஆந்தை? பள்ளிப் பிள்ளைகள் இரவில் அலறும் பறவையைத்தான் நினைப்பார்கள். உண்மையில் அந்தப் பெயருக்குள் ஓர் ஆதன் ஒளிந்திருக்கிறான்.

தொல்காப்பியம் எழுத்ததிகாரம் புள்ளி மயங்கியலில் அடுத்தடுத்த இரண்டு நூற்பாக்கள் இதற்கு விளக்கம் தருகின்றன. முதல் நூற்பா பொதுவிதி. ‘அன்’ என்று முடியும் இயற்பெயரோடு தந்தை என்ற முறைப்பெயர் சேரும்போது, தந்தையின் முதல் மெய்யான ‘த்’ கெட்டு ‘அந்தை’ நிற்கும். இயற்பெயரில் ‘அன்’ கெடும். சாத்தன், தந்தை இரண்டும் சாத்தந்தை ஆவது இப்படி. எயினன் தந்தை எயினந்தை ஆவதும், கீரன் தந்தை கீரந்தை ஆவதும் இதே வழி.

அடுத்த நூற்பா இரண்டே பெயர்களுக்காக எழுதப்பட்ட தனிவிதி: ‘ஆதனும் பூதனும் கூறிய இயல்பொடு பெயரொற்று அகரம் துவரக் கெடுமே’. தாளில் போட்டுப் பாருங்கள். ஆதன் என்பதில் ‘அன்’ கெட்டால் ‘ஆத்’. தந்தையில் ‘த்’ கெட்டால் ‘அந்தை’. பொதுவிதியோடு நிறுத்தியிருந்தால் ஆதந்தை என்று வந்திருக்கும். இந்த நூற்பா மேற்கொண்டு, பெயரில் மிஞ்சிய ஒற்றான ‘த்’தையும் ‘அந்தை’யின் அகரத்தையும் நீக்கச் சொல்கிறது. மிஞ்சுவது ஆ, ந்தை. ஆந்தை. பூதன் தந்தை இதேபோலப் பூந்தை.

ஆக, பிசிராந்தையார் என்றால் பிசிர் ஊரைச் சேர்ந்த ஆதன் தந்தை. மகன் பெயரால் அப்பாவை அழைக்கும் வழக்கம் இன்றும் நம் தெருக்களில் இருக்கிறதே, அதுதான். ஒரு பெயர் வாய்க்கு வாய் புழங்கித் தேய்ந்தால்தான் இப்படிப் பொதுவிதியை மீறிக் குறுகும். இலக்கண ஆசிரியர் அதற்கென்று ஒரு நூற்பாவை ஒதுக்கியது, அந்தக் குறுக்கம் அவர் காலத்தில் எவ்வளவு பரவியிருந்தது என்பதற்குச் சான்று. ஆதன் ஒரு காலத்தில் சர்வசாதாரணமான பெயர் என்பதற்கு என்னைக் கேட்டால் கல்வெட்டைவிட இந்த நூற்பாவே வலுவான ஆதாரம்.

கிடைத்ததைச் சோதிக்கப் புறநானூறு 71ஐ எடுங்கள். ஒல்லையூர் தந்த பூதப்பாண்டியன் வஞ்சினம் கூறும்போது, கண்போன்ற நண்பர்களை அடுக்குகிறான்: மாவன், மன்னெயில் ஆந்தை, அந்துவஞ்சாத்தன், ஆதன் அழிசி, இயக்கன். ஒரே பட்டியலில் ஆந்தையும் ஆதனும் இருக்கிறார்கள். ஆந்தை என்பது தனிப்பெயர்போலவே நிலைத்துவிட்டதும் இங்கே தெரிகிறது. உங்கள் தாளில் ‘வடிவம்’ என்ற பத்தியில் இவற்றைத் தனித்தனியாக எழுதுங்கள்.

இப்போது அகராதியைத் திறக்கலாம்

அகராதிகளிலும், செய்யுள் வடிவப் பழைய அகராதிகளான நிகண்டுகளின் மரபிலும் ஆதன் என்ற சொல்லுக்கு உயிர், அருகன், அறிவில்லாதவன், குருடன் என்ற பொருள்கள் கிடைக்கின்றன. முதன்முறை பார்க்கும் பெற்றோர் பதறிப்போகும் இடம் இது. ‘அறிவில்லாதவனா?’ என்று பெயரையே கைவிட்டவர்கள் உண்டு.

கையில் உள்ள தாளைப் பாருங்கள். கல்லிலும் ஓட்டிலும் சங்கப் பாட்டிலும் நாம் பிடித்த ஆதன்கள் எல்லாரும் ஆட்கள். அரசன், புலவன், வள்ளல், நண்பன். ‘ஆதர்’ என்பதை அறிவிலார் என்ற பொருளில் பொதுச்சொல்லாக ஆள்வது பிந்திய பக்தி நூல்களிலும் சைவ நூல்களிலும்தான். ஐங்குறுநூற்றில் ‘வாழி ஆதன்’ என்று தலைவி வாழ்த்தினாள். குருடன் வாழ்க என்றோ முட்டாள் வாழ்க என்றோ அவள் வாழ்த்தியிருக்க மாட்டாள்; மன்னனாகப் போகும் மகனுக்கு எந்தத் தாயும் அப்படிப் பெயர் வைத்திருக்கவும் மாட்டாள். இயற்பெயரும் பின்னால் வந்த இழிபொருட் சொல்லும் ஒரே ஒலியில் இருக்கின்றன, அவ்வளவே. பிந்திய பொருளைப் பின்னோக்கி இழுத்துப் பழைய பெயர்மேல் ஒட்டுவது பெயராய்வில் அடிக்கடி நடக்கும் பிழை.

உயிர் என்ற பொருளுக்கும் இதே எச்சரிக்கை வேண்டும். அது வடமொழி ஆத்மனோடு இணைத்துச் சொல்லப்படுவது. அழகான பொருள் என்பதால் பலர் உடனே பிடித்துக்கொள்கிறார்கள். ஆனால் அது சொல்லுக்கு அகராதி தரும் பொருள். குவிரன் தன் மகனுக்கு அந்தப் பொருளை நினைத்துத்தான் பெயர் வைத்தான் என்பதற்கு அது சான்றாகாது. பெயரின் வேர் பற்றி அறிஞர்களிடையே ஒருமித்த முடிவு இல்லை. ஆகவே யாராவது கேட்டால் ‘சங்ககாலத் தமிழர் பரவலாக வைத்த இயற்பெயர், சேர மன்னர் பலர் தாங்கிய பெயர்’ என்று சொல்லுங்கள். அதில் ஒரு சொல்லையும் யாராலும் மறுக்க முடியாது. ‘உயிர் என்றும் பொருள் கொள்வர்’ என்று சேர்ப்பதானால் ‘கொள்வர்’ என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள்.

பெயர்ப் பட்டியல்களில் வரும் பிழைகள்

குழந்தைப் பெயர்ப் பட்டியல்களில் ஆதனுக்குச் சூரியன் என்று பொருள் போட்டிருந்தால், அது ஆதவனோடு குழம்பியது. ஆதவன், வெயிலைக் குறிக்கும் ஆதபம் என்ற வடசொல்வழி வந்தது. நடுவில் ஒரு வகரம் கூடுதல், பிறப்பும் வேறு. முதல்வன், தொடக்கம் என்றிருந்தால் ‘ஆதி’யைக் கொண்டுவந்து ஒட்டியது. முதல் மனிதன் என்றிருந்தால் ஆதாமை நினைத்து எழுதியது. எபிரேயத்திலிருந்து வந்த அந்தப் பெயர் தமிழில் கிறித்தவர் வழக்கில் ஆதாம், இசுலாமியர் வழக்கில் ஆதம். இந்த மூன்றுக்கும் ஒரே காரணம்: ஒலி ஒற்றுமையை மட்டும் பார்த்துப் பொருள் சொல்வது. எந்தப் பட்டியலிலும் ஒரு பொருளைக் கண்டால், அந்தப் பொருளில் அந்தச் சொல் வரும் ஒரு பாட்டடியைக் கேளுங்கள். காட்ட முடியாவிட்டால் தாளில் ஏற்றாதீர்கள்.

கூப்பிட்டுப் பாருங்கள்

பெயரைத் தாளில் மட்டும் சோதித்தால் போதாது. பழைய விளி மரபில் சாத்தன் ‘சாத்தா’ ஆவதுபோல ஆதன் ‘ஆதா’ ஆவான். வீட்டில் கூப்பிட நன்றாகவே இருக்கும். வேற்றுமை ஏற்றிச் சொல்லுங்கள்: ஆதனை, ஆதனுக்கு, ஆதனோட சட்டை. எங்கும் நாக்கு இடறவில்லை. வேகமாகப் பேசும்போது ‘அதன்’ என்று குறுகுமா என்று பாருங்கள். முதலெழுத்தை நீட்டிச் சொல்ல வீட்டில் எல்லாரும் தொடக்கத்திலேயே பழக வேண்டும். பள்ளியில் ‘ஆதார்’ என்று கேலி வரலாம், குரல்வழித் தட்டச்சும் அப்படியே மாற்றிப் போடும். இவை தாங்கக்கூடியவை. ஒப்பிட்டுப் பாருங்கள், அழிசி அருமையான சங்கப்பெயர், ஆனால் இன்றைய காதில் ‘அழி’ என்றுதான் முதலில் விழும்.

பாட்டி தாத்தாவிடம் சொல்லும்போது அகராதியின் கெட்ட பொருளை மறைக்காதீர்கள். கைபேசியில் தேடி அவர்களே கண்டுபிடித்தால் பெயர் சூட்டும் நாளன்று சண்டை வரும். முன்கூட்டியே புகளூர்க் கல்லையும் பிசிராந்தையாரையும் சொல்லிவிடுங்கள்.

ஆங்கில எழுத்தில் எழுதுவது

தமிழ் வடிவத்தை முதலில் உறுதிசெய்யுங்கள்: ஆ, த, ன். மூன்றே எழுத்து. ஒற்று மிகுத்து ஆத்தன் என்று எழுதினால் பெயரே வேறு.

ஆங்கிலத்தில் முதலில் ஒரே ‘ஏ’ போட்டு, தஞ்சாவூருக்கு எழுதும் ‘டி, எச்’ சேர்த்தால் தமிழர் எவரும் ‘அத்தான்’ என்று படிப்பார். பாட்டு வரிகளிலும் திரைப்பட உரையாடல்களிலும் அத்தானை அப்படித்தான் எழுதுகிறார்கள். ஒரே ‘ஏ’ போட்டுத் தர்மபுரிக்கு எழுதும் ‘டி, எச்’ சேர்த்தால், பள்ளிவாசல் தொழுகை அழைப்பான ‘அதான்’ என்று படிப்பார்கள். ‘எச்’ இல்லாமல் எழுதினால் ‘அடன்’, ‘ஏடன்’ என்று போய்விடும். ஆகவே முதலில் இரண்டு ‘ஏ’ கட்டாயம். அதன்பின் தஞ்சாவூர் எழுத்தா தர்மபுரி எழுத்தா என்பது உங்கள் விருப்பம். நடுவில் உள்ள தகரம் மென்மையாக ஒலிப்பதால் தர்மபுரி எழுத்தே நெருக்கம், வெளிமாநிலத்தவரும் சரியாகச் சொல்வார்கள். இறுதியில் ஒரே ‘ஏ’, ‘என்’. எண்கணிதம் பார்த்து அங்கே இன்னொரு ‘ஏ’ சேர்த்தால் ‘ஆதான்’ ஆகிவிடும்; தேடி எடுத்த பெயர் கைநழுவும்.

பதிவு

பிறப்பைப் பெயரில்லாமலும் பதியலாம், ஆகவே மருத்துவமனையில் அவசரப்பட்டு எழுத்தைச் சொல்லிவிட வேண்டியதில்லை. பதிந்த நாளிலிருந்து 12 மாதத்துக்குள் பெயரைச் சேர்க்கக் கட்டணம் இல்லை. அதற்குமேல், 15 ஆண்டு வரை தாமதக் கட்டணத்தோடு சேர்க்கலாம். விண்ணப்பத்தைப் பிறப்பு பதிவான அதே அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். தமிழ்நாட்டுப் பிறப்புச் சான்றிதழில் தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் பெயர் வரும். இரண்டையும் பெரிய எழுத்தில் நீங்களே எழுதிக் கொடுங்கள், வாயால் சொல்லாதீர்கள். பழக்கமில்லாத பெயர் என்பதால் தட்டச்சு செய்பவர் கை தானாக ‘ஆதவன்’ என்றோ ‘ஆதி’ என்றோ போகும். அச்சிடுமுன் திரையில் காட்டச் சொல்லிப் படித்துப் பாருங்கள். எழுத்துப்பிழையைத் திருத்துவது ஒரு வேலை, பதிந்த பெயரையே மாற்றுவது அரசிதழ் வரை போகும் வேறு வேலை.

தலைப்பெழுத்தையும் அப்போதே முடிவு செய்யுங்கள். தந்தை பெயரை முழுதாக முன்னால் எழுதினால் குவிரன் ஆதன் வரிசையிலேயே அமையும். கடவுச்சீட்டு விண்ணப்பத்தில் தலைப்பெழுத்தை விரித்துத்தான் எழுத வேண்டும் என்பதால், பிறப்புச் சான்றிதழ், ஆதார், தடுப்பூசி அட்டை மூன்றிலும் இடைவெளி உட்பட ஒரே மாதிரி இருக்கிறதா என்று பள்ளியில் சேர்ப்பதற்கு முன்பே ஒருமுறை ஒப்பிட்டுவிடுங்கள்.